சிற்றிலும் சிறுதோட்டமும்

‘சிற்றில்’ என்பது தமிழிலே மிகப் பழைய சொற்களுள் ஒன்று. ஆற்றங்கரை மணலிலும் தெருப் புழுதியிலும் சிறுமியர் கட்டி விளையாடும் சிறு வீட்டுக்கு அது பெயர். சங்கப் பாடல்களில் அந்த வீடு வருகிறது; அதனைக் காலால் உதைத்துக் கலைத்துவிட்டு ஓடும் சிறுவனும் வருகிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும், கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று ஆயர் சிறுமியர் கண்ணனை வேண்டிக்கொள்வதாக அமைந்துள்ளது. பிள்ளைத்தமிழ் நூலார் அதனை ஒரு பருவமாகவே வகுத்துவிட்டனர். இலக்கியத்திலே சிற்றில் கட்டப்படுகிறது, பின்னர் சிதைக்கப்படுகிறது. சிதைந்ததைச் செப்பனிட்டார் என்ற பேச்சு அரிது. மணல் வீட்டைச் செப்பனிட வேண்டிய தேவையும் இல்லை. மறுநாள் புதிதாய் ஒன்று கட்டிக்கொள்ளலாம் அன்றோ?

மேலைநாட்டார் தம் சிற்றிலை மரத்தாற் செய்தனர். மரம் மணலைப் போன்றதன்று. அது பழுதுபடும், பூச்சி அரிக்கும், வண்ணம் உதிரும், ஒருநாள் வேண்டாப் பொருள்களோடு சேர்த்து எறியப்படும். பிறிதொருநாள் வேறொருவர் கண்ணிற் பட்டு மறுபடியும் வீடாகும். எறியப்பட்ட பொம்மை வீட்டைத் திருத்தியெடுப்பதும், அதனோடு கோடைகாலத்திலே ஒரு பூந்தோட்டத்தைப் பேணுவதும் அந்நாடுகளிற் பலருக்கு நெடுங்காலமாகப் பொழுதுபோக்காக இருந்து வருகின்றன. ஊவா மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலேயர் குடியேறியபோது இந்த ஆசைகளும் அவர்களோடு கப்பலேறி வந்தன. வந்த இடத்தில் வேறு வகையான சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவை விளையாடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. இவ்விரு வகைச் சிறு வீடுகளின் கதையையும் பிரித்துச் சொல்ல இயலாது.

பொம்மை வீடு குழந்தைகளுக்கென்றே பிறந்தது என எண்ணுதல் இயல்பு. தொடக்கத்தில் அது அவ்வாறன்று. பதிவாகியுள்ள பொம்மை வீடுகளுள் மிகப் பழையது, செருமனியிலே பவேரியா நாட்டுக் கோமகனாகிய ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558ஆம் ஆண்டையொட்டிச் செய்வித்ததாகும். அது கோமகனின் கலைக்கூடத்துக் காட்சிப் பொருளாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்து நாட்டுப் பெருவணிகரின் மனைவியர் இக்கலையை மேற்கொண்டனர். உயர்ந்த மர அலுமாரி ஒன்றைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டையும் ஓர் அறையாக்கி, சமையலறை, பிள்ளைபெற்ற தாயின் அறை, துணி வெளுக்கும் அறை என அமைத்து, உள்ளே நிற்கும் நாற்காலி முதல் தொங்கும் திரைச்சீலை வரை அனைத்தையும் அளவு பிசகாமற் சிறிதாகச் செய்வித்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் அம்மையார் செய்வித்த வீடு இன்றும் அந்நகரத்து ரைக்ஸ் நூதனசாலையில் உள்ளது. கால்வாய்க் கரையில் ஒரு மெய்யான மாளிகை வாங்கப் போதுமான பணம் அதற்குச் செலவாயிற்று என்பர்.

எறியப்பட்ட பொம்மை வீட்டைத் திருத்துவோருக்கெல்லாம் மூத்தவராகக் கொள்ளத்தக்கவர் சாரா ரோட்டே என்னும் வணிகர் மனைவி. அவர் 1743ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஏலத்தில், முன்னொருவர் சேர்த்துவைத்திருந்த பழைய பொம்மை வீட்டு அலுமாரிகள் மூன்றினை விலைக்கு வாங்கினார். மூன்றையும் பிரித்து இரண்டு புதிய அலுமாரிகளில் அமைத்தார். நல்ல நிலையில் இருந்த அறைகளை அப்படியே எடுத்து வைத்தார், குறைபட்டவற்றைத் திருத்தினார், பொம்மைகளுக்குரிய ஆடைகளையும் சிறு விரிப்புகளையும் தாமே தைத்தார். தச்சருக்கும் வெள்ளி வேலைக்காரருக்கும் கொடுத்த வேலைகளையும், எந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். ஹார்லெம் நகரையடுத்த ஹீம்ஸ்டெட்டில் அவர் குடும்பத்துக்குத் தோட்டத்தோடு கூடிய கோடைகால இல்லமும் இருந்தது. அவர் திருத்திய வீடுகள் இரண்டும் இன்றும் அழியாமல் உள்ளன. ஒன்று ஹார்லெம் நூதனசாலையிலும் மற்றொன்று ஹேக் நூதனசாலையிலும் வைக்கப்பட்டுள்ளன.

அவர் திருத்திய முறை கவனிக்கத்தக்கது. பழையதை முற்றாக அழித்துப் புதியதொன்றைச் செய்ய அவருக்குப் பணம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் பழைய கைவேலையை மதித்தார். முன்னர் அவ்வீட்டை வைத்திருந்தவரின் கை அதிலே தெரியுமாறு விட்டுவைத்தார். இக்காலத்தில் பொம்மை வீடு திருத்துவோரும் அந்நெறியையே போற்றுகின்றனர்.

சாரா ரோட்டே தம் அலுமாரிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் கொழும்பும் காலியும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் இருந்தன. அதே கம்பனியின் கப்பல்கள் கொண்டுவந்த சிறு சீனக் கிண்ணங்கள் ஒல்லாந்தப் பொம்மை வீடுகளை அலங்கரித்தன. ஆயின் ஊவா அவர் கைக்கு எட்டவில்லை. அது கண்டி மன்னரின் நாடாகவே நின்று, 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இலும் 1818இலும் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆங்கிலப் படையினர் ஊர்களைக் கொளுத்தினர். பழமரங்களை வெட்டிச் சாய்த்தனர். குளங்களையும் வாய்க்கால்களையும் பாழாக்கினர். பின்னாளில் ஊவாவிலே அழகிய பூந்தோட்டங்களை வளர்த்த ஆங்கிலேயர், தம் முதற் செடியை நடுவதற்கு முன்னரே கிராமத்தாரின் வீட்டுத்தோட்டங்களை அழித்திருந்தனர் என்பது வரலாறு. மலர்களைப் பற்றிப் பேசும்போது இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

அதன்பின் கோப்பிக் காலம் வந்தது. கோப்பி இலையிலே துருப்போலப் படரும் நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869இல், ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேதான். சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. அதே ஆண்டிற் பதுளையிலே அரச தாவரவியற் பூங்காவின் கிளையொன்றும் தொடங்கப்பட்டது. 1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளையையடுத்த தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். துரைமார் தம் குடும்பத்தை அழைத்துவந்து நிலையாகத் தங்கலாயினர். பங்களாக்களைச் சுற்றிப் பூந்தோட்டங்கள் எழுந்தன.

அவ்வாறு எழுவதற்கு ஊவாவின் நிலமும் காற்றும் இடந்தந்தன. பதுளை நகர் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் உள்ளது. அங்கே மாவும் பலாவும் செழிக்கும். முப்பது மைலுக்குட்பட்ட தொலைவில் அப்புத்தளை 4,700 அடி உயரத்தில் நிற்கிறது. அங்கே ரோசாவும் டாலியாவும் ஐதராஞ்சியாவும் இங்கிலாந்தை மறந்து வளரும். ஒன்று மட்டும் இங்கிலாந்தைப் போல இல்லை, அதுவே பருவம். அங்கே கோடையிலே செடி வளரும்; பனிக்காலத்திலே மனிதர் வீட்டுக்குள் அடைந்திருப்பர். ஆகவே கோடையில் தோட்டவேலை, பனிக்காலத்திற் பொம்மை வீட்டு வேலை என்று ஆண்டைப் பகிர்ந்துகொள்வர். ஊவாவிலோ ஆடி முதல் புரட்டாதி வரை கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்திலே தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, ஈரமற்ற காற்றாக இப்பக்கம் இறங்கி வரும். தேயிலைக் கொழுந்து அக்காற்றில் வாடி நின்று பெறும் மணமே ஊவாத் தேயிலையை உலகறியச் செய்தது. பூஞ்செடிக்கு அக்காலம் பகை. வேரடியிற் காய்ந்த புல்லைப் பரப்பி, மாலையில் தண்ணீர் வார்த்து, உள்ளதைக் காப்பாற்றுவதே அப்போது செய்யக்கூடியது. ஐப்பசி மழை இறங்கிய பின்னரே ஐதராஞ்சியாக் கொம்பை வெட்டி நடலாம். பசையும் பூச்சும் உலர்வதற்கு மட்டும் கச்சான் காலமே ஏற்றது. மழைக்காலத்து மூடுபனியில் ஒட்டிய தாள் சுவரை விட்டு எழுந்துவிடும். ஆகவே ஊவாவில் மரவேலையும் தோட்டவேலையும் தம் காலங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தன.

பங்களாப் பிள்ளைகளின் விளையாட்டறைக்கு இங்கிலாந்திலிருந்து பொம்மைகள் வந்தன. பிள்ளைகளோ அங்கே நெடுநாள் இருக்கவில்லை. ஏழெட்டு வயதானதும் படிப்புக்காகக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது அக்காலத்துத் துரைமார் வழக்கம். பிள்ளை போய்விடும், பெரிய விளையாட்டுப் பொருளைக் கப்பலேற்றுவார் யார்? துரை வேறு தோட்டத்துக்கு மாறிச் செல்கையிலும், வேலையை விட்டுத் தாய்நாடு திரும்புகையிலும் பங்களாப் பொருள்கள் ஏலத்துக்கு வரும். எஞ்சியவை வேலைக்காரருக்கும் குப்பைக் குழிக்கும் போய்ச் சேரும்.

பொம்மை வீடு செய்வதற்கும் திருத்துவதற்கும் ஏற்ற பலகை தேயிலைத் தோட்டத்திலே குறைவின்றி இருந்தது. தேயிலைப் பெட்டி மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆனது. விளிம்புகளில் தகரப் பட்டை அடித்து, உட்புறத்தில் ஈயத்தாளோ பிற்காலத்தில் அலுமினியத்தாளோ ஒட்டியிருக்கும். இலங்கையிலிருந்து தேயிலையோடு சென்ற அப்பெட்டிகள் இங்கிலாந்திலே வீடு மாறுவோருக்குச் சாமான் கட்டவும், கைவேலைக்காரருக்குப் பலகையாகவும் பயன்பட்டன. பெட்டியைப் பக்கவாட்டிற் சாய்த்து நடுவே ஒரு தட்டு வைத்தால் இரண்டு மாடி வீட்டின் உடல் ஆயத்தமாகிவிடும். எஞ்சியது பொறுமையான வேலை. முதலிற் பூச்சி அரித்த இடத்தைத் தட்டிப் பார்த்து அறியவேண்டும். மென்தூரிகையால் தூசி தட்டவேண்டும். தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தினால் பழைய ஒட்டு விட்டுப்போகும். சுவரிற் கிழிந்துள்ள தாளை உரித்தெறியலாகாது. அதன்கீழ் இன்னொரு தாள், அதன்கீழ் இன்னொன்று என்று அந்த வீட்டில் விளையாடிய தலைமுறைகள் அடுக்காக இருக்கும். இல்லாததை மட்டும் புதிதாய்ச் சேர்க்கவேண்டும். அளவு பிசகலாகாது. பிற்காலத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, மெய்வீட்டின் ஓர் அடிக்குப் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம் என்பது.

இக்கைவேலையிலே இன்பமிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. துரைசானி அம்மையாரின் பூந்தோட்டம் அவருக்குப் பொழுதுபோக்கு. அங்கே மண் கொத்தி, சாணமிட்டு, கச்சான் காலத்திலே வாளி வாளியாக நீர் சுமந்து ஊற்றியவர் லயத்திலிருந்து வந்த தோட்டக்காரர். அவருக்கு அது பேர்போட்டுச் செய்த வேலை. ஒரே ரோசாச் செடியை இருவரும் நேசித்திருக்கலாம். எனினும் பரிசு பெற்ற பூவின் அருகே எழுதப்பட்ட பெயர் ஒன்றுதான்.

ஊவாவிலே வேறொரு கூட்டத்தாரும் எறிந்த பலகையைக் கொண்டு சிறு பொருள்கள் செய்து பொழுது போக்கினர். தென்னாபிரிக்காவிலே ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்ட போயர் வீரர்கள் 1900ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தியத்தலாவையிலே நெளிதகரக் கொட்டில்களில் வைக்கப்பட்டனர். ஏறத்தாழ ஐயாயிரவர் அங்கே இருந்தனர். பெரும்பாலோர் உழவர், நிலமில்லாமலும் குதிரையில்லாமலும் இருந்து பழகாதவர். அவர்கள் பெட்டிப் பலகையிலும் மரத்துண்டிலும் எலும்பிலும் செதுக்கு வேலை செய்தனர். கைத்தடிகளும் சிமிழ்களும் புகைக்குழாய்களும் விளையாட்டுப் பொருள்களும் அவ்வாறு உருவாயின. அவற்றுட் பல விற்பனையாகி நாடெங்கும் பரவின. அவர்தம் சொந்தப் பண்ணை வீடுகளோ போரிலே ஆங்கிலப் படையினராற் கொளுத்தப்பட்டுக்கொண்டிருந்தன. 1902இற் போர் முடிந்தது. பெரும்பாலோர் திரும்பிச் சென்று சாம்பலிலிருந்து வீடு கட்டத் தொடங்கினர்.

இனி 1924ஆம் ஆண்டுக்கு வரலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. முன்னர் பண்டாரவளையோடு நின்றிருந்த வண்டி, தெமோதரையின் வளைவுகளையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து மாகாணத் தலைநகருக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் இலண்டனையடுத்த வெம்பிளியிலே பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி திறக்கப்பட்டது. அங்கே இலங்கைக்கெனவும் ஒரு மண்டபம் இருந்தது. இலங்கைத் தேயிலையும் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் மக்கள் முண்டியடித்துப் பார்த்தவற்றுள் ஒன்று மேரி அரசியாரின் பொம்மை வீடு. அக்காலத்திற் புதுடில்லியிலே அரசப் பிரதிநிதியின் மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்த எட்வின் லட்டியன்ஸ் என்ற சிற்பியே இச்சிறு மாளிகையையும் வரைந்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவிற் கட்டிய அவ்வீட்டில் மின்விளக்கு எரியும். குழாயில் நீர் வரும். ஏறியிறங்கும் தூக்கி இயங்கும். புகழ்பெற்ற எழுத்தாளர் பலர் தம் கையால் எழுதிக் கொடுத்த சின்னஞ்சிறு நூல்கள் அதன் நூலகத்தில் உள்ளன. தோட்டக்கலையிலே பெயர்பெற்ற கெர்ட்ரூட் ஜீகில் அம்மையார் அதற்கொரு தோட்டத்தை வகுத்தார். வீட்டின் அடிப்பாகத்திலே ஒரு பெட்டியறையை இழுத்தால் அத்தோட்டம் வெளியே வரும், தள்ளினால் மறைந்துவிடும். அவ்வீடு இப்போது வின்சர் கோட்டையில் உள்ளது.

அச்சிறு மாளிகையின் நீளம் எட்டரை அடி. அகலம் ஏறத்தாழ ஐந்தடி. அதாவது நாற்பது சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அதே ஆண்டில் ஊவாத் தோட்டங்களிலே தொழிலாளி ஒருவரின் குடும்பம் வாழ்ந்த லயக் காம்பராவின் அளவு, பெரும்பாலும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும். முன்னால் ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு. நூற்றிருபது சதுர அடி. அரசியாரின் பொம்மை வீட்டை அக்காம்பராவிற் கொண்டுவந்து வைத்தால், மூன்றிலொரு பங்கு இடம் போய்விடும். அன்றியும் பொம்மை வீட்டு அளவுப்படி அக்காம்பராவைச் சிறிதாக்கிச் செய்யப் புகுந்தால், பன்னிரண்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம். ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இடம் மிச்சமாகும்படி அடங்கிவிடும். தாய் தந்தையும் பிள்ளைகளும், சில வேளைகளில் மணமான மகனும் மருமகளும் அதற்குள் வாழ்ந்தனர். சமையல் அங்கேதான், உறக்கமும் அங்கேதான். பிள்ளைப்பேறும் பிணமெடுப்பும் அந்த ஒரே வாசலில் நடந்தன. புகையேறிய சுவருக்குத் தீபாவளிக்கு முன்னர் சுண்ணாம்பு அடிப்பதும், தரையைச் சாணமிட்டு மெழுகுவதும், ஒழுகுமிடத்திற் பழைய தகரத் துண்டைச் செருகுவதும் ஆகிய வேலைகளைப் பெண்களும் ஆண்களும் ஆண்டுதோறும் செய்துவந்தனர். பிறருடைய பழைய வீட்டைத் தம் கையாற் செப்பனிட்டுக்கொண்டே வாழ்தல் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர்.

லயத்துச் சிறுமியருக்கும் சிற்றில் இருந்தது. அது தமிழ்நாட்டிலிருந்து அவர்தம் பாட்டிமார் கொண்டுவந்த சிற்றிலேதான். இஸ்தோப்பின் ஓரத்திலே மண்ணைக் குவித்து, உடைந்த ஓட்டுத் துண்டால் அறை பிரித்து, மீன் ரின்னைப் பானையாக்கி, தேயிலைக் காயைச் சோறாக்கிக் கூட்டாஞ்சோறு சமைப்பர். மாலையில் மழை பெய்யும். அடுத்த நாள் புதிய வீடு.

‘தோட்டம்’ என்ற சொல்லே மலையகத்தில் வேறுபொருள் கொண்டுவிட்டதை இவ்விடத்திற் கருதலாம். பிற இடத்துத் தமிழர் தோட்டம் என்றால் பூவும் காயும் விளையும் வீட்டுப்புறத்து நிலத்தை நினைப்பர். மலையகத்தார் தோட்டம் என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர்த் தேயிலையை நினைப்பர். தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே உழைத்து, தோட்டத்திலே புதைக்கப்படும் ஒருவருக்குத் தோட்டம் இல்லை என்று சொன்னால் அங்கே எல்லோருக்கும் விளங்கும். அந்நிலைமையிலும் லயத்தின் பின்புறத்தில், மலைச்சரிவில், நீரோடையின் ஓரத்தில் நிர்வாகம் விட்டுவைத்த துண்டு நிலத்தை அவர்கள் கொத்திப் பண்படுத்தினர். கல்லைப் பொறுக்கிப் படி கட்டினர். போஞ்சியும் கோவாவும் கரட்டும் முள்ளங்கியும் பூசணியும் விளைந்தன. காலையிற் பெரட்டுக்குச் சென்று மாலையிலே கொழுந்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பியபின், எஞ்சிய வெளிச்சத்திலே செய்த வேலை அது. பெயருக்கு ஓய்வுநேர வேலை. ஆனால் சம்பளத்தாற் கிட்டாத கறி அதனால் அடுப்பேறியது. மிஞ்சியது சந்தைக்கும் போனது. பின்னர் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அரிசி வரவு குறைந்தபோது, தோட்ட நிலத்தில் உணவுப்பயிர் செய்யவேண்டுமென அரசாங்கமே கட்டாயப்படுத்தியது. சிறு பாத்தியின் அருமையை மேலிடத்தாரும் அப்போது உணர்ந்தனர்.

போர் முடிந்ததும் அவ்வுணர்வு மறைந்தது. 1946இற் கேகாலைப் பகுதியிலே தொழிலாளர் உருளவள்ளி என்று வழங்கிய நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராமக் குடியேற்றத்துக்கென எடுத்துக்கொண்டது. தாம் பண்படுத்திப் பயிரிட்ட நிலத்தை விட்டு வெளியேற மறுத்த தொழிலாளர்மீது அத்துமீறிப் புகுந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அதனை எதிர்த்துப் பல பகுதிகளிலும் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தன் கையால் நட்ட பயிருக்கிடையே நிற்பவர் அத்துமீறியவர் ஆவாரா என்பதே அவ்வழக்கின் உள்ளே இருந்த கேள்வி. இரண்டு ஆண்டுகளின்பின், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அக்கேள்வியை ஒரு சிறு நிலத்திலிருந்து நாடு முழுவதற்கும் விரித்துவிட்டது. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; 150,000 பேரின் நிலை பின்னரே முடிவாயிற்று. 1924இற் பதுளைக்கு வந்த அதே பாதையில், தலைமன்னாரை நோக்கி அழுகையோடு வண்டிகள் சென்றன. பாத்தியிலே நின்ற பயிரை அயலாருக்கு ஒப்படைத்துவிட்டுச் சென்றவர் பலர்.

துரைமாரும் போயினர். அவ்வாறு போனவர்களுள் ஒருவர் விட்டுச்சென்ற வீடு ஊவாவிலே தனித்துக் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்துப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரனாகிய தாமஸ் வில்லியர்ஸ் 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத்தொழில் பயின்று, பின்னர் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் உயர்ந்தார். கென்ட் மாகாணத்திலே தாம் பிறந்த அடிஷாம் என்னும் கிராமத்தின் பெயரையே சூட்டி, அப்புத்தளை மலைமுகட்டில் 1931இல் ஒரு மாளிகையைக் கட்டி முடித்தார். கென்ட் நாட்டு லீட்ஸ் கோட்டையைப் பார்த்து அமைத்தது என்பர். கருங்கற் சுவர்; ஒடுங்கிய உயர் சன்னல்கள்; பர்மாத் தேக்குக் கதவுகள்; அகன்ற நூலகம்; வெளியே ஆங்கிலப் பூந்தோட்டம். பிள்ளைப் பருவத்திலே கண்ட உலகத்தை முதிய வயதில் மலையுச்சியிலே மீண்டும் செய்து வைத்த இவ்வீட்டை, மனிதர் நுழையக்கூடிய பொம்மை வீடு எனல் தவறாகாது. பதினெட்டு ஆண்டுகளே அவர் அதில் வாழ்ந்தார். 1949இல் அதனை விற்றுவிட்டு இங்கிலாந்து சென்றார். 1959இல் அங்கேயே காலமானார்.

கைமாறிய மாளிகையை 1960களிலே கத்தோலிக்கத் துறவியராகிய பெனடிக்ற் சபையார் ஏற்றனர். அவர்கள் வில்லியர்ஸின் நூலகத்தையும் அறைகளிற் பலவற்றையும் இருந்தவாறே பேணினர். மரத்தையும் கல்லையும் துடைத்துக் காத்தனர். பூந்தோட்டத்தோடு பழத்தோட்டமும் வைத்து, அங்கே விளைந்தவற்றைப் பாகாக்கிப் புட்டிகளில் அடைத்து வருவோருக்கு விற்கின்றனர். முந்தியவரின் கைவேலையை அழிக்காமல் அதற்குள்ளே தம் வாழ்வை அமைத்துக்கொண்ட இத்துறவியரின் முறை, சாரா ரோட்டே தம் பழைய அலுமாரிகளுக்குச் செய்ததை நினைவூட்டுகிறது. விடுமுறை நாள்களில் அவ்வீட்டைக் காண வருவோருட் பலர் சுற்றுப்புறத் தோட்டங்களின் பிள்ளைகள்.

லயங்களுக்கு அத்தகைய திருத்தம் வாய்க்கவில்லை. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பங்களாக்களிற் பல விருந்தினர் தங்கும் விடுதிகளாயின. நூறாண்டு கடந்த லயங்கள் லயங்களாகவே நின்றன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தையையடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லய வரிசைகளும் கோயிலும் பிள்ளைகள் விளையாடிய முற்றமும் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து செல்ல அம்மக்களுக்கு வேறு நிலம் இருக்கவில்லை. உயிர் தப்பியோர் நெடுநாள் முகாமில் இருந்து, பின்னரே மாக்கல்தெனியாவிற் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குச் சென்றனர்.

அதன்பின் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதிலே தனிவீடும் என்ற திட்டம் விரிவடைந்தது. இந்திய அரசின் உதவியால் மத்திய, ஊவா மாகாணங்களிற் கட்டப்பட்ட வீடுகள் பலவும் இவ்வகையினவே. வீட்டின் அளவு 550 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் பாதையும் போக எஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி. சரிவு நிலத்தில் அதிலும் ஒரு பகுதி மதிலுக்குப் போய்விடும். வீடு கிடைத்தோர் இன்னும் சிறு தொகையினரே. வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதவர் பலர். அவ்வீடுகளின் முன்னே நடப்படுவன பெரும்பாலும் இரண்டு: பின்புறத்துக்குக் கோவாவும் போஞ்சியும், வாசலுக்கு, பங்களாவிலே தோட்டக்காரராக இருந்த பாட்டன் வெட்டி வந்து லயத்து ஓரத்தில் ஊன்றிய ரோசாவின் கொம்பு.